குழாய் பூட்டிய தேதிகள்

அன்புள்ள அப்பாவுக்கு ஜெயசீலி எழுதுவது. கர்த்தர் கிருபையில் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

ஞாயிறன்று எங்கள் லைன் வீட்டு வாசலில் வீட்டுக்காரம்மா பொன்னாத்தாள், புகாரை விசாரிக்க வந்த சட்ட உதவி வக்கீல் கீர்த்தனா, பக்கத்து அறை ஒடிசாக்காரி மினதி, உங்கள் மருமகன், நான், ஐந்து பேர் இருந்தோம். மினதியைக் காலி பண்ண வைக்க, அவள் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் வீட்டுக்காரம்மா குழாயைப் பூட்டுகிறார்.

"நான் எப்பங்க பூட்டினேன்? யாரை வேணாலும் கேளுங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

என்னோடு ஜெபிக்கிற நம் ஊர்க்காரர்கள், "இந்திக்காரிக்கு நாம ஏன் சாட்சி?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். "தெக்கத்தி ஆளுகளுக்கு ஊடு இல்லீங்க" என்று இதே தெருவில் எங்களை அலையவிட்டது மறந்துபோச்சு.

பால் வாங்காத நாளைக் குறிக்கும் காலண்டரில், பூட்டின நாளையும் குறித்திருந்தேன். பதினேழு நாள். அந்தக் காலண்டரையே வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

"உன்ற ஊட்டுக்காரருக்கு எங்க கம்பெனியிலதானே கண்ணு வேலை?" என்று வீட்டுக்காரம்மா சிரித்தார். அன்றிலிருந்து உங்கள் மருமகன் என்னோடு பேசவில்லை. போனும் இவர் கையில்தான், அதனால் கடிதம்.

கவலைப்படாதீர்கள். நம் சபைக் காலண்டர் ஒன்று அனுப்புங்கள். எங்களையும் காலி பண்ணச் சொன்னால் பிள்ளைகளோடு அங்கே வரலாமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.