தேர்வடமும் மாலைத் தண்டாலும்

பம்பாய்
மாசி, 1936

சௌபாக்கியவதி சாரதாமணிக்கு,

இத்தனை நாள் உன்னிடம் மறைத்தது போதும். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

போன வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேரடியில் உன் தம்பி மணியன் ஊரார் முன்னே கேட்டானே, "மச்சான், நீங்க வடத்தைப் புடிச்சிருக்கீங்களா, வடம் உங்களைப் புடிச்சிருக்குதுங்களா?" என்று. நீயும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். வருகிற தேருக்கு அவன் பக்கத்தில் நின்று இழுக்க வேண்டும் என்றே இங்கே தேகப்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன்.

காலையில் அங்கே கர்லாக்கட்டை சுற்றுகிறேன். அது போதாதென்று மாலையில் அறையில் தனியாகத் தண்டாலும் எடுக்கிறேன். முதலில் தோள் திரண்டது. இப்போதோ முன்பு சுற்றிய கட்டையைத் தூக்கவே முடியவில்லை. உடன் பயிலும் ராசிபுரத்து வீரபாகு சிரிக்கிறார்: "ஏனுங்க, உடம்பென்ன மில்லுங்களா, ரெண்டு ஷிப்டு ஓட்டறதுக்கு? சாயங்காலம் சும்மா நடந்துட்டு வாங்க, பலம் தானா வரும்."

கூட்டினால் குறைகிறது, குறைத்தால் கூடுமாம். இவ்வளவு படித்தும் இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. மாலைத் தண்டாலை நிறுத்தினால் மணியன் ஜெயித்ததாகிவிடாதா?

கொஞ்சம் கொள்ளும் நல்லெண்ணெயும் அனுப்பு. முதுகில் தேய்த்துவிட இங்கே ஆளில்லை. கை எட்டியவரை தேய்த்துக்கொள்கிறேன்.

இதுவரை காலையில் எழுதியது. இப்போது தண்டால் முடித்து உட்கார்ந்தால் பேனா நடுங்குகிறது. இந்த வரிகளே கோணிப் போயின, மணியனிடம் காட்டாதே. என் பேரையும் கோணலாக எழுத மனமில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.