வெங்காய அறையில் எழுதிய கதைகள்

யூலை 22, திங்கள்

சோளகக் காற்று விடாமல் வீசுகிறது. முற்றம் கூட்டக் கூட்டப் புழுதி. கோதுமை மா முடிந்துவிட்டது. இவருக்குப் பிறெஷர் குளிசை வாங்க வேண்டும்.

கரவெட்டியிலிருந்து செல்வி போன் எடுத்தாள். பெண்களின் கதைகளைத் தொகுப்பாகப் போடுகிறவள். "அக்கா, முப்பதாம் திகதி செவ்வாய்க்குள்ளை கதை வராட்டி உங்களை விட்டிட்டுத்தான் அச்சுக்குக் குடுப்பம். குறை நினைக்காதேங்கோ." ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? இரண்டு வருடமாக ஒரு வரி இல்லை. இதுவும் தவறினால் எழுதுகிறவள் என்ற பேரே போய்விடும். பயமாக இருக்கிறது.

யூலை 23, செவ்வாய்

காலையில் மாடியறை. நான் எழுதவென்று மகள் கனடாவிலிருந்து காசு அனுப்பிக் கட்டுவித்தது. மேசை, சுழல் கதிரை, யன்னலுக்கு வலை. ஒரு குறையும் இல்லை.

"இஞ்சரப்பா, என்ரை கண்ணாடி எங்கை?" கீழேயிருந்து இவர். கண்ணாடி இவரின் சட்டைப் பையில்தான்.

"மரக்கறிக்காரன் நிக்கிறான், என்ன வாங்கிறது?"

"தேத்தண்ணி ஒண்டு..."

ஏறி இறங்கியே கால் உளைந்தது. பிறகு இவரே மேலே வந்து என் கதிரையில் இருந்து போனில் செய்தி பார்த்தார். மேலே நல்ல காற்றாம்.

கீழே போய்ச் சொதி வைத்தேன்.

யூலை 24, புதன்

விதை வெங்காயம் பழுதாகிறதா என்று பார்க்கப் பின்னறைக்குப் போனேன். கூரை வளையில் பிடி பிடியாகத் தொங்குகிறது. அந்த மணம்! நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

என் கதைகள் எல்லாம் இந்த அறையில் எழுதியவை. கலியாணம் முடித்துக் கோப்பாய்க்கு வந்த நாளிலிருந்து மாதவிடாய் வந்தால் மூன்று நாள் இங்கேதான். குசினிக்குள் போகக்கூடாது, பானை தொடக்கூடாது, கிணற்றில் அள்ளக்கூடாது. தனிப் பாய், குடிக்கத் தனிப் பேணி. மாமி சோற்றுக் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவா. முதல் தரம் அழுதேன். அடுத்த தரம் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போனேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை! கண்ணாடி எங்கே என்று கேட்க ஆளில்லை.

சண்டைக் காலம். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கு அலைந்த நேரத்திலும் மாமி ஜாம் போத்தல் விளக்கைக் கொண்டுவந்து படியில் வைப்பா. கதை முடியாவிட்டால் நாலாம் நாள் தலை முழுகமாட்டேன், இன்னொரு நாள் இருப்பேன். மாமி ஒன்றும் கேட்டதில்லை. நாள் கணக்கைக் கவனிக்காதவ போல.

மாதவிடாய் நின்று இரண்டு வருடம். கதையும் அதோடு நின்றது.

போனில் மகளிடம் சொன்னேன். "அம்மா! ஒதுக்கி வைச்சிருந்ததை நினைச்சு ஏங்கிறியளே?" என்று பாய்ந்தாள். அவள் சொல்வது சரிதான். அவளை ஒரு நாளும் அந்தப் பாயில் படுக்க நான் விட்டதில்லை. ஆனாலும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. அறை கட்டித் தந்துவிட்டார்கள். கூப்பிடாமல் இருக்க ஆரால் முடிகிறது?

யூலை 25, வியாழன்

குளிசை வாங்கியாச்சு. மா மறந்துபோனேன்.

மாமி விறாந்தையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. கண் சரியாகத் தெரியாது, ஆனாலும், "ஏன் பிள்ளை, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

சொன்னேன். தொகுப்பு, செவ்வாய், செல்வி.

"அப்ப உன்ரை பேர் வராதோ?"

"வராது மாமி."

இலையை உருவிக்கொண்டே இருந்தா.

யூலை 26, வெள்ளி

விடிய அடுப்பு மூட்டப் போனால், மாமி தடியோடு குசினி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறா.

"பிள்ளை தூரம். உள்ளுக்கு வரக்கூடாது." வீடு முழுக்கக் கேட்கிற சத்தம்.

இவர் பல் விளக்கியபடி வந்தார். "அம்மா, என்ன கதை கதைக்கிறியள்? உவளுக்கு அது நிண்டு எவ்வளவு காலம்!"

"பொம்பிளையளின்ரை விசயம் உனக்கென்னடா தெரியும்? போய்த் தேத்தண்ணியைப் போடு. எனக்குச் சீனி குறைய."

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு. கண்ணும் கலங்கியது.

பாய், பேணி, கொப்பி. வெங்காய அறை.

யூலை 27, சனி

இவர் அரிசி மாவில் அவித்த புட்டு. கல்லு மாதிரி. சம்பலில் உப்பில்லை. முழுக்கச் சாப்பிட்டேன்.

கதை பாதி தாண்டிவிட்டது. ஒரு தரம் "இஞ்சரப்பா..." என்று தொடங்கினார். மாமி தடியால் நிலத்தில் தட்டுகிற சத்தம். நிறுத்திவிட்டார்.

யூலை 28, ஞாயிறு

மூன்று நாள் முடிகிறது. நாளைக்கு முழுகிவிட்டு உள்ளே போக வேண்டும். கடைசிப் பக்கம் இன்னும் வரவில்லை. அழுகை வரும்போல இருக்கிறது.

பின்னேரம் மாமி தேத்தண்ணிப் பேணியைப் படியில் வைத்தா. "முடிஞ்சுதோ?"

"இல்லை மாமி. இன்னும் கொஞ்சம்."

"அப்ப நாளைக்கும் முழுகாதை."

தடியை ஊன்றித் திரும்பினவ, அப்படியே நின்று சொன்னா: "முந்தியும் நாலாம் நாள் உன்ரை விளக்குக்கு எண்ணெய் விட்டனான்தானே."