கணவாயில் உன் அப்பா சொன்ன வார்த்தை

நாரின், ஜூலை.

என் செல்ல மகள் ஜிப்பாருக்கு அம்மா எழுதுவது, இங்கே நானும் அப்பாவும் குதிரைகளும் சுகம், சியோலில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் எமிலின் அப்பா மாமசாலி தெற்கே ஓஷிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்திருந்தார். தெற்கத்திக்காரர்களுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று உன் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தேநீரைக்கூட என்னை விட்டே கொடுக்கச் சொன்னார். ஆனால் விருந்தாளி தாஷ் ரபாத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அந்தக் கால வணிகர்கள் தங்கிய கல் சத்திரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, அவர்கள் போன பாதையிலேயே மூவரும் கணவாய்க்குக் குதிரையில் ஏறினோம். மாமசாலிக்குக் குதிரை பழக்கமில்லை, பிடரி மயிரை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார். சமவெளிக்காரர்களுக்குக் கழுதைதான் சரி என்று உன் அப்பா என் காதில் முணுமுணுத்தார், அது அவருக்கும் கேட்டிருக்கும், எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாதிவழியில் அப்பாவின் குதிரைக்கு லாடம் கழன்று நொண்ட ஆரம்பித்துவிட்டது. அவருடைய முழங்கால்தான் உனக்குத் தெரியுமே, நடக்கவும் முடியாது, திரும்பவும் மனமில்லை, பாறையில் உட்கார்ந்துவிட்டார். என் குதிரையைத் தருகிறேன் என்றதற்கும் பொம்பளையை நடக்கவிட்டு நான் ஏறுவதா என்று கோபம். மாமசாலி இறங்கி, அவரைக் கைத்தாங்கலாகத் தன் குதிரையில் ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது, ஆலங்கட்டி வேறு விழுந்தது, ஆனாலும் கயிற்றை விடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, "இந்தக் கழுதைக்கு மலையேறத் தெரியுதா, அண்ணே?" என்றார். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்ததில் சேணத்திலிருந்து சரியப் பார்த்தார்.

உச்சிக்குப் போனதும் மேகம் விலகிச் சாத்திர்-குல் ஏரி நீலமாய் விரிந்தது. பிறகு உன் அப்பா மெல்ல, "கல்யாணத்துக்கு வர்ற உங்க ஆளுங்க எல்லாரையும் இங்க கூட்டிட்டு வரணும், சம்பந்தி" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

வழியில் பனி விழுவதற்குள் நீயும் எமிலும் அங்கே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எமிலைக் குதிரையேறப் பழகிக்கொள்ளச் சொல், மாமனார் சோதிக்காமல் விடமாட்டார். கடவுள் உங்கள் பாதையை அகலமாக்கட்டும்.

உன்னை முத்தமிடும்
அம்மா சைரகான்