கடுகுக்கு, புது மெஷின் விஷயமாக

என் கடுகுக்கு,

உன் அக்கா எழுதுவது. நானும், எப்போதும் உன் பக்கமே வாதாடும் என் மகள், அதுதான் உன் வக்கீலும் இங்கே நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் கை தானாக வந்து நின்றுவிட்டது. அந்த வரியை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நீ வேற ஊரில் வேலை பார்த்த காலத்தில் நான் போடும் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி எனக்கே திருப்பி அனுப்புவாய். "நாலாங்கிளாஸ் டீச்சர் விட்டதை நான் முடிக்கிறேன் அக்கா" என்று கீழே ஒரு வரி வேறு இருக்கும். இதில் எத்தனை பிழை இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். இந்தத் தடவை தப்பு என் பக்கம் மட்டும் இல்லை.

முதலில் மெஷின் விஷயம். நீ போய் ஏழு வாரம் ஆகிறது. நாலாவது வாரம் நம் வேக்குவம் கிளீனர் நின்றுவிட்டது. தீய்ந்த வாடை வந்தது, ஒரு முனகல் முனகியது, அவ்வளவுதான். என் வேலைதான் உனக்குத் தெரியுமே. சலவைக் கடையிலிருந்து வரும் கால்சட்டைகளுக்கு அடி மடித்துத் தைத்தால் கார்ப்பெட் முழுக்க நூல். துடைப்பத்துக்கு அது வராது. மூன்று நாள் முட்டி போட்டுக் கையால் பொறுக்கினேன். வக்கீல் பார்த்துவிட்டு, "உன் முட்டி போச்சுன்னா அதுக்கு ஸ்பேர் கிடைக்காதும்மா, கெளம்பு" என்று சனிக்கிழமை கடைக்கு இழுத்துப் போனாள்.

பெரிய கடை. மெஷினே முப்பது நாற்பது வகை நிற்கிறது. ஒயர் உள்ளது, ஒயர் இல்லாதது, பை வைத்தது, பைக்குப் பதில் கண்ணாடி மாதிரி டப்பா வைத்தது. நான் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன், சக்கரத்தை உருட்டிப் பார்த்தேன். "ஜாதகம் மட்டுந்தான் கேக்கல நீ" என்றாள் உன் வக்கீல். அங்கே நின்ற கடைப் பெண் நல்ல மாதிரி. சிரித்துக்கொண்டே, "பழசுல என்ன தொந்தரவும்மா?" என்று கேட்டாள். பிரஷ்ஷில் அடிக்கடி சுற்றிக்கொள்ளும் என்றேன். "நூலா, முடியா? முடின்னா அதுக்குன்னே தனி பிரஷ் வருது" என்றாள். நூல்தான், கறுப்பு நூல், நான் தையல் வேலைக்காரி என்று பெருமையாகவே சொன்னேன். வக்கீல் திடீரென்று அந்தப் பக்கம் திரும்பி மின்விசிறிகளைப் பார்க்கப் போய்விட்டாள். வீட்டில் மூன்று மின்விசிறி இருக்கும்போது இவளுக்கு என்ன அங்கே பார்வை என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் பையை மட்டும் எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று கடைப் பெண் சொல்லி அனுப்பினாள். திங்கள்கிழமை வக்கீல் வேலைக்குப் போனதும் மெஷினைச் சமையலறை மேஜை மேல் வைத்துத் திறந்தேன். அந்தப் பையை நான் தொட்டு ஆறு மாசம் இருக்கும். "தூசி உனக்கு ஆகாது, நீ எட்டப் போ" என்று நீதான் மாற்றுவாய். என் மேல் உனக்கு எவ்வளவு அக்கறை என்று எதிர்வீட்டுக்காரியிடம் நான் பீற்றிக்கொண்டது உண்டு.

பைக்குள் தூசி கொஞ்சம்தான். மீதியெல்லாம் கறுப்பு. பந்து பந்தாக.

அப்போதும் நூல் என்றுதான் எடுத்தேன். நாற்பது வருஷமாக நூல் கோத்த விரல் கடுகு, அதை ஏமாற்ற முடியாது. நூலுக்கு முறுக்கு உண்டு. நுனியைப் பிரித்தால் இரண்டு மூன்று இழையாக விட்டுக்கொடுக்கும். இது விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றைத் தனியாக உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு முனையில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. வேரோடு வந்த முடி.

நீ பிரஷ்ஷைக் கத்தரியால் வெட்டி வெட்டி எடுத்துக் கறுப்புச் சுருளை என் முன்னால் ஆட்டியது நினைவு வந்தது. "பாரு உன் நூலை. மெஷினைக் கொல்றதே நீதான்" என்றாய். நான் உன்னிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு பல்லில் கடித்த நுனி, கத்தரித்த நுனி ஒன்று விடாமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். அப்படியும் மறுவாரம் பிரஷ்ஷில் நூல் என்று காட்டினாய். எனக்கு வயசாகிவிட்டது, கண் போய்விட்டது, கீழே விழுவது தெரியவில்லை என்று கண்ணாடி மாற்றிக்கொண்டேன். அந்தக் கண்ணாடிக் கடைக்கும் நீதான் கூட வந்தாய். எழுத்துகளைப் படித்துக் காட்டி முடித்ததும் "கழுகு மாதிரி பாக்குற அக்கா" என்று என் தோளைத் தட்டினாய்.

சாயங்காலம் வரை அதை ஒரு செய்தித்தாள் மேல் பரப்பி வைத்திருந்தேன். வக்கீல் வந்தாள். தோள்பையைக்கூட இறக்கவில்லை. மேஜையைப் பார்த்ததும், "சித்தி முடியாம்மா?" என்றாள். நான் அதற்குள் வாயே திறக்கவில்லை. வீட்டில் எல்லாரையும் மடக்குகிறவள், தானே மாட்டிக்கொண்டாள்.

பிறகு உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஆறு சுற்று மருந்து ஏற்ற வேண்டும் என்றார்களாம். நாலு முடிந்திருந்ததாம்.

சுற்று. அந்த வார்த்தையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். "அடுத்த செவ்வாய் மூணாவது சுற்று அக்கா, இன்னும் மூணு இருக்கு" என்பாய். நீ கிடங்கில் சரக்கு சரிபார்க்கிறவள். கிளை கிளையாகப் போய் எண்ணிவிட்டு வருகிற சுற்று என்று நான் எடுத்துக்கொண்டேன். நீ திருத்தவில்லை. என் கடிதத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் திருத்துகிறவள், இதை அப்படியே விட்டுவிட்டாய். செவ்வாய்க்கிழமை நீ வெளுத்துப்போய் வந்து படுப்பாய். உன் மேனேஜரை நான் திட்டாத திட்டு இல்லை. நீயும் கண்ணை மூடிக்கொண்டே, "ஆமாக்கா, படுபாவி" என்பாய்.

உன்னை வழியனுப்பிய அன்று அந்த மனிதர் பூவோடு வந்தார். அத்தனை பேர் முன்னால் அவரைப் பார்த்து, "சுத்திச் சுத்தி அலையவிட்டுக் கொன்னுட்டீங்களே, இப்ப பூ எதுக்கு" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்து நின்றுவிட்டுப் பூவை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு செவ்வாயும் உனக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்து, திரும்பக் கூட்டிவரத் தன் காரையும் அனுப்பியவர் அவர்தான் என்று இப்போது வக்கீல் சொல்கிறாள். அவருக்கும் தெரியும், உன் கூட வேலை பார்த்த இரண்டு பேருக்கும் தெரியும், என் வயிற்றில் பிறந்தவளுக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்த சமாச்சாரம், ஒரே கூரைக்குக் கீழே படுத்த எனக்கு மட்டும் தெரியாது.

தொப்பி விஷயமும் சொல்லிவிடுகிறேன். கிடங்கில் தலைமுடி மெஷினில் மாட்டாமல் இருக்க ஒட்ட வெட்டச் சொல்லிவிட்டார்கள், தலை குளிர்கிறது என்றாய். நம்பி இரண்டு கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தேன். வீட்டுக்குள்ளும் அதோடுதான் திரிந்தாய். கடைசியில் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் தலையைத் தடவக் கையைக் கொண்டுபோனேன். "தொப்பி இருக்கட்டும்மா, சித்திக்குப் பிடிச்சது" என்று வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மகளுக்கு எவ்வளவு பாசம் என்று அதற்கும் சேர்த்து அழுதேன். நான் உன் நெற்றிக்கு மேலே தொடவே இல்லை கடுகு. எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, இரட்டைச் சடை பின்னி அனுப்பிய தலை அது.

நீ மூன்று நாள் காய்ச்சலில் போனாய் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மருந்து ஏற்றினால் உடம்பில் தெம்பு இருக்காதாம், சின்னக் காய்ச்சலே போதுமாம். அதற்கு முந்தின வாரம் எனக்குச் சளி. உன் கட்டிலில் உட்கார்ந்து, உன் டம்ளரிலேயே குடித்துக்கொண்டு, கதை பேசிக்கொண்டிருந்தேன். நீ எட்டிப் போகச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பேன் அல்லவா. என்னிடமிருந்துதான் ஒட்டியதா என்று வக்கீலைக் கேட்டேன். "சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா" என்றாள். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று கேட்டதற்கு அவள் முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். விடவில்லை நான். நீ சொன்னதாக அவள் சொன்னது இதுதான்: "அக்காவுக்குத் தெரிஞ்சா அவ அழுகையையும் சேர்த்து நான்தான் பாத்துக்கணும்டி. என் நோயைப் பாக்கவே எனக்குத் தெம்பு இல்ல."

இதை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். உன் அத்தான் நோயில் படுத்திருந்தபோது நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்து உங்களையெல்லாம் படுத்தியது உண்மைதான். அதனால் நான் உனக்குச் சுமையா? அம்மா போனபோது உனக்கு ஆறு வயது, எனக்குப் பதினாறு. வயல் இல்லை வீடு இல்லை, இடுப்பில் நீ மட்டும்தான். சுமந்தவளைப் பார்த்துச் சுமை என்றாயே.

இன்னும் ஒன்று, கேட்டிருக்கவே வேண்டாம். நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினை ஓட்டுவாய். அரை மணி, முக்கால் மணி. பத்துக்குப் பத்து அறையில் அத்தனை நேரம் என்ன தூசி, அரண்மனையா கட்டி வைத்திருக்கிறாய் என்று வெளியே இருந்து கத்துவேன். முடி எடுப்பது கொஞ்ச நேரம்தானாம், வக்கீலிடம் நீயே சொன்னாயாம். மீதி நேரம் மெஷினைச் சும்மா தரையில் ஓடவிட்டுவிட்டு வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாயாம். எனக்குக் கேட்கக்கூடாது என்று. மெஷின் அதில்தான் தீய்ந்திருக்கிறது. என் நூலில் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் தைத்துக்கொண்டிருந்தேன். உன் சத்தம் தாங்காமல் ரேடியோவை வேறு கூட்டி வைப்பேன்.

வக்கீலோடு ஒன்பது நாள் பேசவில்லை. சாப்பிடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான். கார்ப்பெட்டுக்கு அதெல்லாம் தெரியுமா, நூல் விழுந்துகொண்டே இருந்தது. மறுபடி கடைக்குப் போனோம்.

இந்தத் தடவை தூக்கிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக ஓடவிடச் சொன்னேன். வக்கீலைத் துணி துவைக்கும் மெஷின்களுக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லி, சாதாரணமாகப் பேசுகிற குரலில் என்னைக் கூப்பிடு என்றேன். கடைப் பெண்ணுக்குச் சிரிப்பு. "எல்லாரும் எவ்வளவு இழுக்குதுன்னு பாப்பாங்க, நீங்க என்னம்மா இப்படி? வீட்ல சின்னப் புள்ள இருக்கா?" என்றாள். இருந்தது என்றேன். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை. கேட்காமலே அடுத்த மெஷினைப் போட்டாள்.

முதல் மெஷினில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. உன் வக்கீலின் வாய் அசைவது அலமாரி இடுக்கில் தெரிந்தது, அவ்வளவுதான். நாலாவது ஓடும்போது கேட்டது. அம்மா என்று கூப்பிடச் சொல்லியிருந்தேன். எனக்குக் கேட்டது, "போதும்மா" என்று.

அதைத்தான் வாங்கியிருக்கிறோம். பை வைத்தது. இழுவை குறைவு, ஒரே இடத்தை இரண்டு தரம் தள்ள வேண்டியிருக்கிறது. கடைப் பெண்ணே இது வேண்டாம் என்றுதான் சொன்னாள். பரவாயில்லை. பழையதை நான் கொடுக்கவில்லை. அந்தப் பையையும் கொட்டவில்லை. உன் மேனேஜர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். "உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவங்க கேட்டுக்கிட்டாங்கம்மா, நான் எப்படிச் சொல்றது" என்றார். எல்லாரிடமும் நீ அப்படிக் கேட்டு வைத்திருக்கிறாய்.

உன் மேல் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் பொய். வக்கீலிடம் இன்று காலை நானாகவே பேச்சுக் கொடுத்தேன், அவளும் எத்தனை நாள்தான் இதைத் தனியாகத் தூக்குவாள். நீ இருக்கிற இடத்தில் உனக்கு வலி இல்லாமல் இருக்கட்டும். உன் தலைமுடி பழையபடி இடுப்பு வரை வளரட்டும். அங்கேயாவது அம்மாவிடம் எதையும் மறைக்காதே.

இப்படிக்கு, உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த அக்கா.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனாலும் மடிக்க முடியவில்லை. வக்கீலிடம் கேட்டுப் பார்த்தேன், அவள் அந்த அறைக்குள் இருந்தது இல்லையாம், அவளுக்குத் தெரியாதாம். அந்த மெஷின் சத்தத்துக்குள்ளே, ஒரே ஒரு தடவையாவது, நீ என்னைக் கூப்பிட்டாயா கடுகு?