அண்ணே, கயலுக்கும் வந்துவிட்டது

என் பிரியத்துக்குரிய முருகேசண்ணனுக்கு,

போன வாரம் உன் மகளுக்கு வலிப்பு வந்தது. பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள்.

லீவுக்கு வந்த நான், ஏலக்காய் எஸ்டேட்டிலிருந்து மதினியையும் கயலையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் இறங்கினேன். போடிமெட்டு தாண்டிய வளைவுகளில், என் மடியில் சாய்ந்திருந்தவளின் கை வெட்டி வெட்டி இழுத்தது. அப்புறம் உடம்பு முழுக்க.

"சாவியைக் கையில குடுங்கக்கா!" என்று டிரைவர் கத்தினார்.

"வேணாம்ணே, வெரசா வண்டிய ஓரங்கட்டுங்க!"

ஒருக்களித்துப் படுக்கவைத்து, துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்தேன்.

உனக்கு இருந்த வலிப்பால்தான் நான் மூளை ஆராய்ச்சிப் படிப்புக்கே போனேன். எலி மூளையின் புறணி என்ற வெளிப்பட்டையில், அடுத்த செல்லை உசுப்பிவிடும் நரம்பு செல்களை வகை பிரிப்பது என் வேலை. பெரும்பாலானவை கூம்பு வடிவம். அவற்றில் சில முதுகுத்தண்டு வரை சேதி அனுப்பும், சில மூளையின் மறுபாதிக்கு. நட்சத்திரம் போன்ற சிறிய வகையும் உண்டு. புலன்களிலிருந்து வருவதை வாங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும். இவை கூட்டமாகக் கட்டுமீறிக் கிளம்பினால் வலிப்பு; எந்த வகை முதலில் கிளம்புகிறது என்று தேடுவதாகக் கயலிடமும் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு தெரிந்தும், அந்த வளைவில் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருப்பதைத் தவிர என்ன செய்ய முடிந்தது? உனக்கு வலிப்பு வந்து ஓடையில் விழுந்த அன்று பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயோ?

துடிப்பு அடங்கியது. மெல்லக் கண் திறந்தாள்.

தேனியில் மூளையின் மின்னலைகளைச் சோதித்துவிட்டு டாக்டர் மாத்திரை எழுதினார். வாசலில் மதினி என் கையை இறுகப் பிடித்தாள்.

"வெளிய தெரிஞ்சா புள்ளைய யாரு கட்டுவா? அவருக்கு இருந்ததையும் மூடித்தான வச்சோம்?"

பின்னால் நின்ற கயல் கேட்டுவிட்டாள். நீ பாறையில் வழுக்கி விழுந்து செத்ததாகத்தான் அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தாள் மதினி.

"அத்தை, அப்பாவுக்கும் இதானா?"

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமா தாயி."

கயல் என் பக்கம் வந்து நின்றாள். "எந்தச் செல்லு மொதல்ல கெளம்புதுன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப மாத்திரையக் கொண்டாங்க. பள்ளிக்கூடத்துலயும் சொல்லப் போறேன். தெரிஞ்சாத்தான எனக்கு வந்தா பாத்துக்குவாங்க?"

சொல்லியும்விட்டாள், வகுப்பு முழுக்கக் கேட்க. மதினி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் இன்று காலை தண்ணீர்ச் சொம்பையும் மாத்திரையையும் அவளே மகளிடம் நீட்டினாள்.

ஆய்வில் விடை கிடைக்கும் என்று உனக்கு வாக்குத் தர என்னால் முடியாது அண்ணே. உன் மகள் எதைக் கேட்டாலும் மழுப்பமாட்டேன். அதற்கு வாக்குத் தருகிறேன்.

கயலுக்கு அத்தையாகவும் உனக்கு என்றும் தங்கச்சியாகவும் இருக்கிற,
செல்வி