குளிர் குறைந்த ஹால்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா? நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? நான் அல்லாஹ் கிருபையால் நல்லா இருக்கேன்.

நீங்க அனுப்பின ஸ்வெட்டர் இனிமே தேவைப்படாது உம்மா. கம்ப்யூட்டர் அடுக்கியிருக்கிற எங்க ஹாலில் ஏசியை இப்போ ஏஐதான் பார்த்துக்குது. கரண்ட்டை மிச்சம் பண்ண, முன்ன மாதிரி ஜில்லுன்னு வைக்கிறதில்லை. செவ்வாய்க்கிழமை உள்ளே போனதும் வெக்கையா இருந்துச்சு. ஏதோ கோளாறுன்னு பயந்து, பழைய பழக்கத்தில் குளிரைக் கூட்டிட்டேன். சூப்பர்வைசர் பரமசிவம் அண்ணன் ஓடி வந்தார்.

"அது வேணும்னுதான் அப்படி வச்சிருக்கு ஃபஹத். நீ கை வைக்காம இருந்தா போதும் லா."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

கை வைக்காம இருக்க எத்தனை பேர் வேணும் உம்மா? மூணு பேர் பார்த்த ஷிஃப்டுக்கு இனி ஒருத்தர் போதுமாம். இந்த நாட்டில் வேலை பார்க்கிற என் பெர்மிட் அடுத்த மாசம் முடியுது. வேற வேலை தேடி, சிராங்கூன் ரோட்டில் ஒரு ஏஜென்ட் ஆபீஸ் விடாம ஏறி இறங்கிட்டேன். எல்லாரும் நம்பர் வாங்கி வச்சுக்கிறாங்க, யாரும் கூப்பிடுறதில்லை. இதை வாப்பாவுக்குப் படிச்சுக் காட்டாதீங்க.

மாடிக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் ஓடலைன்னு சொன்னீங்களே, அதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டுடாதீங்க. சிரமம்தான், கொஞ்ச நாள் குடத்தில் தூக்கிக்கங்க. அதையாவது நான் வந்து சரிபண்றேன்.

எங்களை வேலைக்கு ஏத்திட்டுப் போற லாரி வந்துடுச்சு. துஆ செய்யுங்க. மெக்கானிக் மட்டும் வேண்டாம் உம்மா.

உங்க மகன்
ஃபஹத்