பு. பரீட்சை எழுதுகிறாள்

ஏப்ரல் 6, திங்கள்

வெயில். காலையிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆபீஸ் போகிற செக்டர் ஃபைவ் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் பயனில்லை, அனல் காற்று.

இன்று எனக்கு வேலை போனது. ஆபீஸில் இல்லை, வீட்டில். கட்டிய மனைவியே ஆசிரியர் பதவியிலிருந்து நீக்கிவிட்டாள்.

நான் பி.காம். கம்பெனிக் கணக்கு எழுதியே தலை நரைத்தவன். பு. பிளஸ் டூவுக்கு எடுத்திருக்கும் பாடங்களில் கணக்குப்பதிவியலும் ஒன்று. சொல்லிக்கொடுக்க என்னை விட்டால் யார் என்ற நினைப்பில் உட்கார வைத்துத் தேய்மானப் பாடம் நடத்தினேன். கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏங்க, தப்பா நினைக்காதீங்க. நீங்க சொன்னா எனக்குத் தூக்கம் வருது. போன்ல வர்ற பாட வீடியோல அந்த டீச்சர் சொல்றப்பதான் புரியுது."

"அதே தேய்மானம்தானே நானும் சொல்றேன்?"

"அவங்கள நிறுத்தி வச்சு மறுபடி கேக்கலாம். உங்கள மறுபடி கேட்டா மூஞ்சி மாறுது."

கண்ணாடியில் பார்த்தேன். மாறும் போலத்தான் இருக்கிறது.

புதிய பொறுப்புகள்: தேங்காய் துருவுவது, போனுக்கு சார்ஜ் போடுவது, சாயங்கால டீ.

வாங்க: புளி, நீல மைப் பேனா, கொசுவத்தி.

ஏப்ரல் 8, புதன்

ஆபீஸில் ஏ.சி. பழுது. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே யாரோ இங்கிலீஷ் பேசுகிற குரல். விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சட்டையைச் சரிசெய்தேன்.

பு.தான். ஆன்லைன் வகுப்பு, உளவியல். குழந்தை ஏன் பொம்மையை உடைக்கிறது என்று கேள்வி போலிருக்கிறது.

"சைல்ட் ஈஸ் நாட் ஆங்ரி, மேடம். சைல்ட் வான்ட் டு சீ வாட் ஈஸ் இன்சைட்."

"வெரி குட், புவனேஸ்வரி," என்றது போன்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இங்கிலீஷ் பேசி நான் கேட்டதில்லை. பாங்க், ஆஸ்பத்திரி, வீட்டுக்காரர், எல்லா இடத்திலும் நானே பேசிவிடுவேன். ஒற்றைச் செருப்போடு அங்கேயே நின்றேன்.

எல்லாம் தெருமுனை மழலையர் பள்ளியால் வந்தது. போன வருடம் அங்கே ஆயா லீவில் போனபோது பு.வை உதவிக்குக் கூப்பிட்டார்கள். கத்துகிற பிள்ளைகள் இவள் மடியில் ஏறினால் அடங்கிவிடுமாம். பள்ளி நடத்துகிற மேடம் சொன்னார்: பிளஸ் டூ முடித்தால் பயிற்சிக்கு அனுப்பி, டீச்சராகவே வைத்துக்கொள்கிறேன். வருகிற ஜூலையில் புது வகுப்பு தொடங்குகிறார். அதுவரைதான் காத்திருப்பாராம்.

பு. பத்தாவதோடு நின்றவள். புனாவில் வேலை பார்க்கும் எங்கள் பெண் நிலாதான் அன்று ராத்திரியே திறந்தநிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். பாடம் எல்லாம் போனில். முடிந்த நேரத்தில் படிக்கலாம். கடைசிப் பரீட்சைக்கு மட்டும் நேரில் போக வேண்டும்.

ரசத்தில் இன்று புளியே இல்லை. புளி வாங்க மறந்தது நான்.

ஏப்ரல் 11, சனி

தூங்கும் முன் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து ஓர் இலை அசையவில்லை. நாலரைக்கு மேற்கே வானம் கறுத்தது. கால்பைசாகி. ஒவ்வொரு கோடைக்கும் வருகிற புயல்தான், இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும். ஐந்து மணிக்கு பு.வுக்கு உளவியலில் ஆன்லைன் தேர்வு. இதை எழுதி அனுப்பினால்தான் கடைசிப் பரீட்சைக்கு நுழைவுச்சீட்டு.

கேள்விகள் திறந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. கூடவே வைஃபை. போனில் சிக்னல் ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போனது. ஜன்னல், சமையலறை, பால்கனி என்று போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். பால்கனியில் தலை முழுக்க நனைந்துவிட்டது.

"போச்சுங்க," என்றாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மேல் வீட்டு பௌதியிடம் (இங்கே அண்ணியை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) இன்வெர்ட்டர் உண்டு. பு. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருட்டில் மாடி ஏறினேன். அந்த அம்மாள் கதவைத் திறந்தார். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன், தமிழைவிட வங்காளம் சரளம். ஆனாலும் அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் வரவில்லை. பரீட்சை என்பதை மட்டும் "பொரீக்கா, பொரீக்கா," என்று சொல்லிப் போனைக் காட்டினேன்.

ஒன்றும் கேட்கவில்லை பௌதி. வைஃபை பெட்டி இருப்பது அவர்கள் பூஜையறையில். பு.வை அங்கே சாமி படங்களுக்கு நடுவில் உட்கார வைத்தார், தலை துவட்டத் துண்டு கொடுத்தார், கதவைச் சாத்தினார், குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்த அறையிலிருந்து அவர் கணவர் டீ எங்கே என்று சத்தம் போட்டார்.

"சுப்! புவனா பொரீக்கா திச்சே!"

சும்மா இருங்கள், புவனா பரீட்சை கொடுக்கிறாள் என்று அதட்டல். கணவர், எங்களுக்குத் தாதா, வாயை மூடிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இவர்கள் பேச்சில் பரீட்சை கொடுப்பார்கள், நம் பேச்சில் எழுதுகிறோம். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல். வெளியே எங்கோ தகரம் பிய்த்துக்கொண்டு விழுந்த சத்தம்.

கதவு திறந்தது. பு. முகம் வெளுத்திருந்தது.

"கடைசிக் கேள்விய முழுசா முடிக்கல. ஆனா அனுப்பிட்டேன். போயிருச்சு."

பௌதி அவள் ஈரத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் காளி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேறு இடமில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

குளிர்ச்சி. தெருவில் கிருஷ்ணசூடா மரத்துச் சிவப்புப் பூவெல்லாம் கீழே. மேல் வீட்டுக்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கொடுத்தனுப்பினோம். பாத்திரம் திரும்பி வந்தபோது உள்ளே சந்தேஷ் இனிப்பு. இனி இது நிற்காது.

பி.பி. மாத்திரை தீர்ந்தது. வாங்க.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. லேக் மார்க்கெட்டில் வேப்பம்பூ கிடைத்தது. மாங்காய்ப் பச்சடி நான் செய்தேன், பரவாயில்லை ரகம்.

உளவியல் தேறிவிட்டாள். காலையில் நுழைவுச்சீட்டும் போனில் வந்துவிட்டது. துள்ளுவாள் என்று நினைத்தேன். அதிலிருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்.

"நான் பரீட்சைக்குப் போகலீங்க."

"ஏன்?"

"வீட்ல உக்காந்து படிச்சது வேற. அங்க எல்லாம் பதினேழு வயசுப் பிள்ளைங்க. நடுவுல நான் போய், கண்ணாடியப் போட்டுக்கிட்டு... சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே."

"உங்களைப் பாத்தா சிரிப்பாங்க? என்னைப் பாத்துத்தானே!"

தப்பான பதில். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாதிச் சாப்பாடு அப்படியே.

மதியம் நிலா வீடியோவில் வந்தாள். அவளிடமும் அதே பேச்சு. நிலாவின் தமிழ் பாதி வங்காளம்.

"மா, நீ எக்ஸாம் குடு. நான் வேலைக்கு முதல் நாள் போறப்ப பாத்ரூம்ல உக்காந்து அழுதேன்ல? அப்ப போன்ல நீ என்ன சொன்னே?"

"என்ன சொன்னேன்?"

"உள்ள போய் உன் சீட்ல உக்காரு, உக்காந்தப்புறம் அது உன் சீட்டுன்னு ஆயிரும்னே."

"அது உனக்குச் சொன்னது."

"நான் கேட்டேன்ல? இப்ப நீ கேளு."

பு. போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நான் பாயசம் கிண்டப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளறையிலிருந்து போன் டீச்சரின் குரல் கேட்டது. பால் அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் கரண்டி என் கையில் இருப்பது நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 20, திங்கள்

முதல் பரீட்சை. தமிழ். லீவு போட்டேன். ஆட்டோ, மெட்ரோ, பிறகு பவானிபூரில் அந்தப் பள்ளிக்கூடம் வரை நடை. வழியெல்லாம் பு. என் கையைப் பிடித்திருந்தாள், தெருவில் அவள் பிடிக்கிற வழக்கமில்லை.

வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "கார்ஜியன் பாய்ரே, கார்ஜியன் பாய்ரே!" பெற்றோர் எல்லாம் வெளியே நிற்க வேண்டுமாம். பு. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே நுழைவுச்சீட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஆமி தேபோ. ஆமார் பொரீக்கா."

நான் எழுதப்போகிறேன், இது என் பரீட்சை. காவலாளி சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையை இறக்கி வழி விட்டார். உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னலுக்குக் கீழே ஜாக்கெட்டில் வியர்வை.

எதிர் மரத்தடியில் பிள்ளைகளின் அம்மாக்கள், ஒரு கூட்டமே. நான் ஒருவன்தான் ஆண். பச்சைப் புடவை அம்மாள் வங்காளத்தில் கேட்டார், "உங்களுக்குப் பையனா, பெண்ணா?"

"மனைவி," என்றேன்.

சிரிப்பு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"தயிர் கொடுத்தீர்களா? நெற்றியில் தயிர்ப் பொட்டு வைத்து அனுப்பினீர்களா? இல்லையா! பிள்ளைக்கு என்றால் மறப்பீர்களா?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முட்டை கொடுக்கக் கூடாது, தண்ணீர் பாட்டிலில் குளுக்கோஸ் கலக்க வேண்டும், முடிந்து வந்ததும் எப்படி எழுதினாய் என்று கேட்கவே கூடாது. தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பச்சைப் புடவை அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, எந்த இடத்தில் சேர்ந்தாள், போனில் எப்படித் தேடுவது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவர் எட்டாவதோடு நின்றவராம். அவர் போனிலேயே தேடிக் காட்டினேன்.

பு. வெளியே வந்தாள். சின்னப் பெண்கள் இரண்டு பேர் அவளோடு பேசிக்கொண்டே. எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை.

"கேக்க மாட்டீங்களா?"

"கேக்கக் கூடாதாம்."

"நல்லா எழுதினேன். பக்கத்து சீட்டுப் பொண்ணுக்குப் பேனா நின்னுபோச்சு. என்னோட இன்னொரு பேனாவக் கொடுத்தேன். ஆன்ட்டின்னு கூப்பிட்டா, அப்புறம் அக்கா மாதிரி தீதின்னு மாத்திக்கிட்டா."

ஏப்ரல் 24, வெள்ளி

புழுக்கம். கணக்குப்பதிவியல். தயிர்ப் பொட்டு வைத்து அனுப்பினேன். மூக்கில் ஒழுகியது, சிரித்தாள்.

வெளியே வரும்போது சிரிப்பில்லை. மெட்ரோ முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி. வீட்டுக்குப் போக வேண்டாம் என்றாள். டாக்குரியா ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். படகு ஓட்டுகிறவர்கள் தண்ணீரில், காதல் ஜோடிகள் பெஞ்சில், நாங்கள் புல்லில்.

"இருப்புநிலைக் குறிப்பு சேரல. கூட்டிக் கூட்டிப் பாத்தேன். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

எந்தத் தொகை, எங்கே எழுதினாய் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்கும் சேராது, ஆபீஸ்ல."

"பொய்."

"நிஜமா. மார்ச் மாசம் ஆனா சேரவே சேராது."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவேன்."

சிரித்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஜோடிகள் பார்த்தார்கள். பார்க்கட்டும். இது போனால் ஜூலை போய்விடும், மேடம் வேறு ஆளை எடுத்துக்கொள்வார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜால்முடிப் பொரி வாங்கினேன். காரம் அதிகம். இரண்டு பேருக்கும் மூக்கு ஒழுகியது, அழுததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

மே 3, ஞாயிறு

எல்லாம் முடிந்துவிட்டது. பு. மதியம் தூங்கினாள். ஏதோ பண்டிகை முடிந்த வீடு மாதிரி இருக்கிறது. சாயங்காலம் தானாகவே போனை எடுத்து, பரீட்சைக்கு வராத ஒரு உளவியல் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதான் முடிஞ்சுதே?"

"இது சும்மா. கதை மாதிரி இருக்கு."

ஜூன் 16, செவ்வாய்

மழை தொடங்கிவிட்டது. ஆபீஸில் இருக்கும்போது நிலா போன். "பா, ரிசல்ட் வந்துருச்சு, நான் பாக்கல, அம்மாவே பாக்கட்டும். நீ வீட்டுக்குப் போ." தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சால்ட் லேக் முழுக்க முழங்கால் தண்ணீர். பஸ் நகரவில்லை. வீடு சேரும்போது பேண்ட் தொடை வரை சேறு.

பு. போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நீங்க பாருங்க."

"உன் பரீட்சை. நீ பாரு."

எண்ணை அடித்தாள். தப்பாக அடித்து மறுபடி அடித்தாள். வட்டம் சுற்றியது. தமிழ், தேர்ச்சி. மனையியல், தேர்ச்சி. உளவியலில் நான் எந்தக் காலத்திலும் வாங்காத மார்க். ஆங்கிலம், தேர்ச்சி. கணக்குப்பதிவியல், தத்தித் தத்திக் கரை ஏறியிருக்கிறாள், ஆனால் ஏறிவிட்டாள்.

"பாஸா? எல்லாம் பாஸாங்க?"

"பாஸ்."

நான் சத்தம் போட்டேனாம், மேல் வீட்டு பௌதி படியிறங்கி ஓடி வந்து கட்டிப்பிடித்தார். தெருமுனை மேடம் போனில், "ஜூலை முதல் வாரம் வந்துவிடுங்கள், மிஸ் புவனா." நிலா அங்கே அழ, இங்கே இவள் அழ, நான் துணி மாற்றவே மறந்து ஈரத்தோடு தும்மிக்கொண்டு.

எல்லாரும் போன பிறகு பு. மதிப்பெண் பட்டியலை விரித்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க்கை இல்லை, மேலே பெயர்களை. மாணவியின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர். என் பெயர் எங்கும் இல்லை. முதலில் என்னவோ போல இருந்தது. பிறகு சரி என்று பட்டது.

அவள் அம்மா கல்யாணத்துக்கு முந்தைய வருடமே போய்விட்டார். நான் பார்த்ததில்லை. பிளஸ் டூ பள்ளிக்கூடம் பஸ் ஏறிப் போகிற தூரமாம். பெண்ணை அனுப்பியே தீர வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டது அந்த அம்மா ஒருவர்தானாம். நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தும் ஜெயிக்க முடியவில்லை. இதை இன்றுதான் சொன்னாள்.

"எங்கம்மா பேர எழுதி நான் பாத்ததே இல்லீங்க. ரேஷன் கார்டுலகூட எங்கப்பா பேருதான் மேல இருக்கும். இங்கிலீஷ்ல இப்படித்தான் எழுதுவாங்களா?"

"இப்படித்தான்."

விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். செல்லம்மாள். பிறகு என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."